கரடியின் முதுகும் நரியின் யோகா வகுப்பும்

மூங்கில் காட்டில் ஒரு கரடிக்கு முதுகு பிடித்துக்கொண்டது. கரடிக்கு முதுகு பிடித்தால் பட்டினிதான். குனிந்து புற்றைத் தோண்டினால்தானே கரையான் கிடைக்கும்! உதிர்ந்த அத்திப்பழங்களைத் தின்று நான்கு நாளை ஓட்டியது.

குளக்கரையில் ஒரு நரி யோகா வகுப்பு நடத்திக்கொண்டிருந்தது. காட்டோரம் முகாம் போட்டு யோகா செய்த மனிதர்களைப் புதருக்குள்ளிருந்து பார்த்துக் கற்றுக்கொண்டதாம். ஒருநாள்கூட அது தன் உடம்பை வளைத்ததில்லை. பாறைமேல் உட்கார்ந்து ஆசனத்தின் பெயரைக் கத்தும்; தட்சிணையாக வரும் நண்டுகளைத் தின்னும். அவ்வளவுதான் வாத்தியார் வேலை!

"வாத்தியாரே, என் முதுகைச் சரிபண்ணுங்க!" என்றது கரடி.

"மயிலாசனம் போடு! முன்னங்கால் ரெண்டையும் ஊன்று, உடம்பு மொத்தத்தையும் தூக்கு!"

"முதல் நாளேவா?"

"கேள்வி கேட்டா வலி போயிடுமா? தூக்கு!"

கரடி தூக்கியது. தொப்பென்று சேற்றில் விழுந்தது. மரத்திலிருந்த மயில் சிரித்தது. "அடப் பாவமே! நானே ஒருநாளும் அப்படி நின்னதில்லையே!"

பழைய வலியோடு புது வலியும் சேர்ந்துகொள்ள, கரடி ஒரு மரத்தடியில் முனகிக்கொண்டு கிடந்தது. பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த காட்டுப்பூனை எழுந்தது. முதுகை மேலே வளைத்தது, கீழே தாழ்த்தியது, நிதானமாக மூச்சு விட்டது.

"இது என்ன ஆசனம்?" என்று கேட்டது கரடி.

"எழுந்ததும் தினமும் இப்படித்தான் சோம்பல் முறிப்பேன். பேரெல்லாம் எனக்குத் தெரியாதுப்பா!"

மறுநாள் காலை கரடியும் முறித்துப் பார்த்தது. கொஞ்சம்தான் வளைந்தது. வலித்ததும் நிறுத்திக்கொண்டது. அடுத்த நாளும் செய்தது, அதற்கடுத்த நாளும் செய்தது. மூன்றாவது பௌர்ணமிக்குள் நன்றாகக் குனிய வந்துவிட்டது. வயிறாரக் கரையான் தின்றது.

ஒருநாள் பேய்மழை பிடித்தது. நரி ஓடிப்போய்த் தன் வளைக்குள் நுழைந்தது. நண்டு தின்று பெருத்த வயிறு வாசலில் மாட்டிக்கொண்டது. தலை உள்ளே, வால் மழையில்! வளைக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது.

"ஐயோ, யாராவது காப்பாத்துங்க!"

கரடி ஓடிவந்தது. குனிந்து மளமளவென்று மண்ணைத் தோண்டி, நரியை வெளியே இழுத்துப் போட்டது.

மூச்சு வாங்கியபடியே நரி கேட்டது: "இவ்வளவு நல்லாக் குனியிறியே! எல்லாம் நான் சொல்லிக்கொடுத்த மயிலாசனம்தானே?"

"அதை இன்னொரு தடவை போட்டிருந்தா, இன்னிக்கு உங்களைத் தோண்டி எடுக்க ஆளே இருந்திருக்காது, வாத்தியாரே!"

ஆசனத்தின் பெயர் யாருடைய வலியையும் தீர்க்காது. தாங்கும் அளவுக்குத் தினமும் செய்தால்தான் உடம்பு தேறும்.