கற்கண்டுப் பொட்டலம்

எங்கள் மடத்தில் சமையல் என் பொறுப்பு. போன் இருப்பதும் அடுப்படியில்தான். அதனால் சொர்ணம் அக்கா கூப்பிடும்போதெல்லாம் நான்தான் எடுப்பேன்.

அவள் எங்கள் மடத்துச் சீடர் அம்பலவாணனின் அக்கா. தாயில்லாத அவரை இடுப்பில் சுமந்து வளர்த்தவள். அவரோ ஐம்பது வயதில் ஞானம் தேடி இங்கே வந்துவிட்டார். அவள் திருவாரூரில் தனியாகக் கிடந்தாள்.

"நரம்பு மாத்திரை போட்டதிலேர்ந்து வாயில எச்சிலே ஊறலைம்மா. சோறு தொண்டையில நிக்குது. அடிக்கடி ஒரு வாய் தண்ணி குடிச்சு நனைச்சுக்கணுமாம். ரசம் விட்டுக் குழையப் பிசைஞ்சு சாப்பிடணுமாம். பல்லை மெதுவா, சுத்தமாத் தேய்க்கணுமாம். டாக்டர் சொல்றார். எனக்குக் கை நடுங்குது, சொம்பைத் தூக்க முடியலை. தம்பியைக் கொஞ்ச நாள் வந்து இருக்கச் சொல்லேன்."

சொன்னேன்.

"பாசம் ஒரு விலங்கு" என்றார் அந்த மகானுபாவர். பூஜையில் வைத்த கற்கண்டைப் பொட்டலம் கட்டினார். "இதை வாயில அடக்கிக்கட்டும். எச்சில் ஊறும். பிரசாதமும் ஆச்சு."

மாதம் ஒரு பொட்டலம் தபாலில் போனது.

"இனிப்பு ஆகவே ஆகாதுன்னு டாக்டர் திட்டுறார். பல்லெல்லாம் சொத்தை" என்றாள் அடுத்த முறை. "ஆனா தம்பி அனுப்பினதாச்சே, எப்படித் தூக்கிப் போடுறது?"

போனை வைத்தேன். நேரே போய் எங்கள் குரு தில்லையம்மாவிடம் சொல்லிவிட்டேன். அம்மாவுக்கு அம்பலவாணனைவிடப் பத்து வயது குறைவு. அவரைக் கூப்பிட்டு, "போய் அக்காவைப் பாருங்க" என்றார்.

"உங்க சேவையை விட்டுட்டுப் போக மனசு வரலைம்மா."

இரண்டு முறை சொன்னார் அம்மா. இரண்டு முறையும் இதே பதில்தான்.

சித்திரையில் ஒரு காலை பக்கத்து வீட்டுப் பெண் போன் செய்தாள். "அக்கா போயிட்டாங்க. தலைமாட்டுலதாங்க சொம்பு நிறையத் தண்ணி இருந்துச்சு. எடுத்துக் கொடுக்கத்தான் ஆளில்லை."

அம்பலவாணன் வாய்விட்டு அழுதார். அழுதுகொண்டே அம்மா முன்னால் வந்து நின்றார்.

"விடை கொடுங்கம்மா. என்னை வளர்த்தவளுக்கு வாய்க்கரிசியாவது போடணும்."

அம்மா என்னிடம் திரும்பினார். "ஒரு பிடி பச்சரிசி கொண்டா."

கொடுத்தேன். அம்பலவாணன் அதை வாங்கித் துண்டில் முடியப் போனார்.

"முடியாதீங்க. வாயில போட்டு மெல்லுங்க."

போட்டார், மென்றார். அழுது அழுது வறண்ட வாய். மாவு நாக்கிலும் அண்ணத்திலும் அப்பிக்கொண்டது. விழுங்கப் பார்த்தார், இறங்கவில்லை. இருமல் வந்து கண் பிதுங்கியது. பாவம், என் கை தானாகப் பக்கத்திலிருந்த தண்ணீர்ச் சொம்புக்குப் போனது. அம்மா அதை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"தண்ணி... ஒரு வாய் தண்ணிம்மா..."

அம்மாவின் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

"தண்ணி எதுக்கு? கற்கண்டு தரட்டுமா?"