கோவிக்க வந்த தாய்மாமன்

கூடை சுமந்து, நாலு பேரிடம் அடி வாங்கி, பிறகு சொந்தமாக இரண்டு கருவாட்டுக் கடை போட்டவன் தவசி. பேரத்தில் எவனிடமும் தோற்றதில்லை. முப்பத்தெட்டு வயதாகியும் பெண்தான் கிடைக்கவில்லை. போன வீட்டிலெல்லாம் ஒரே கேள்வி: "கூட யாரு வந்திருக்கா?" முறைக்க ஒரு தாய்மாமன், மூக்கைச் சிந்த ஒரு பெரியப்பா இருந்தால்தான் அது குடும்பமாம். தவசிக்கோ நாதியில்லை.

செண்பகவடிவை மட்டும் விட மனசில்லை. அவனிடமே வஞ்சிரக் கருவாட்டைப் பாதி விலைக்குப் பேசி வாங்கிப்போன ஒரே ஆள் அவள்தான். ஆகவே மந்தைக்குளத்திலிருந்து இரண்டு பேரைச் சொந்தக்காரர்களாகக் கூட்டிப்போனான். மந்தைக்குளத்து ஆட்கள் சொன்னதைச் சொன்னபடியே செய்வார்கள். அவர்களிடம் உள்ள ஒரே கோளாறு அதுதான்.

"ஏலே குப்பாண்டி, நீ பெரியப்பா. நான் உன்னைப் பார்க்கும்போதெல்லாம் செத்துப்போன தம்பியை நினைச்சுக் கண்ணைத் துடைக்கணும். ஒண்டிவீரா, உனக்குத்தான் மீசை பெருசு. வீடு திரும்புற வரைக்கும் நீதான் என் தாய்மாமன். காப்பியில சீனி இல்லன்னு கோவிச்சு எந்திரி. நான் கெஞ்சுவேன், உட்காந்துரு. கோவிக்க ஒரு மாமன் இல்லாத குடும்பத்துக்கு எவன்லே பொண்ணு கொடுப்பான்?"

பெண் வீட்டில் காப்பி வந்தது. ஒண்டிவீரன் ஒரு வாய் குடித்தான். முகம் வாடிக் குப்பாண்டி பக்கம் திரும்பினான்.

"பெரியப்பா, சீனி இருக்கே."

"எவ்வளவு இருக்கு?"

"அளவா இருக்கு."

"அப்ப நீ கோவிச்சா அது பொய்யாயிருமே."

இரண்டு பேரும் வெகுநேரம் யோசித்தார்கள். பிறகு ஒண்டிவீரன் செண்பகவடிவைப் பார்த்துப் பணிவாகச் சொன்னான்: "ஏம்மா, சீனி போடாம ஒரு காப்பி கொண்டாங்க. நான் கோவிக்கணும்."

தவசி பல்லைக் கடித்துக்கொண்டு குப்பாண்டியைப் பார்த்தான். குப்பாண்டி கண்ணைத் துடைத்தான். 'நிறுத்துலே' என்று தவசி முறைத்தான். குப்பாண்டி ஓவென்று அழுதான். பெண்ணின் அப்பா மாசிலாமணியும், செத்தது யார் என்றுகூடக் கேட்காமல், துண்டால் முகத்தை மூடிக்கொண்டு சேர்ந்து அழுதார்.

சீனி போடாத காப்பி வந்தது. ஒண்டிவீரன் ருசி பார்த்தான், திருப்தியாகத் தலையாட்டினான், துள்ளி எழுந்தான். "சீனியே இல்லாத காப்பியா? என்னை யாருன்னு நினைச்சீங்க?" துண்டை உதறிக்கொண்டு வாசல் வரைக்கும் போனான். தவசி கெஞ்சினான். ஒண்டிவீரன் திரும்பி வந்து உட்கார்ந்தான்.

மாசிலாமணி சொக்கிப்போனார். "இதுல்லா குடும்பம்! மாமாவுக்கு எத்தனை பிள்ளைங்க?"

"எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலைங்க."

மாசிலாமணி நிமிர்ந்து உட்கார்ந்தார். "தாய்மாமன் சும்மா இருக்கையில மருமவனுக்குப் பொண்ணா? ஊரு சிரிக்காதா?" என்று மகள் பக்கம் திரும்பினார். "நீ என்ன தாயி சொல்லுத?"

"கருவாட்டுக் கடைக்காரர் எது சொன்னாலும் நான் பாதியாக் குறைச்சுத்தான் எடுத்துக்கிடணும். இவரு கோவிக்கிறதுக்கு முன்னாலகூடச் சொல்லிட்டுக் கோவிக்காரு. இப்படி ஆம்பளை எங்க கிடைப்பாரு?"

தவசிக்கு ரத்தம் தலைக்கேறியது. "யோவ்! அவன் என் மாமனே இல்ல! நான் கூட்டிட்டு வந்த ஆளு!"

மாசிலாமணி சிரித்தார். "கோவத்துல எல்லாரும் சொல்றதுதான் தம்பி. எங்க மாமனை நான் பதினோரு வருஷம் அப்படித்தான் சொன்னேன்."

"ஏலே ஒண்டிவீரா, நீயாவது சொல்லித் தொலைலே!"

"இன்னும் வீடு திரும்பலியே, மருமவனே."

தவசி வாங்கிவந்த தட்டிலேயே, தவசி வாங்கிவந்த பூவோடும் பழத்தோடும் ஒண்டிவீரனுக்கு நிச்சயமானது. பெரியவர்கள் காலில் விழச் சொல்லி யாரோ தவசியின் பிடரியை அழுத்தினார்கள்.

செண்பகவடிவு அவன் தலையில் கை வைத்தாள். "சீக்கிரம் உங்களுக்கும் ஒரு நல்ல பொண்ணு அமையும், மருமவனே."

ஒண்டிவீரன் மீசையைத் தடவிக்கொண்டான். "பொண்ணு பாக்கப் போகையில சொல்லி அனுப்பு. நானும் உங்க அத்தையும் சேர்ந்து வந்து கோவிக்கோம்."