ஓடுகிற கருவுக்குக் காவல்

“இன்னும் எத்தனை காவல்தான் வைக்கணும், டீச்சர்?”

கோமதிநாயகத்துக்கு அப்போது ஐம்பத்தாறு வயசு. கணினிக் காவல் சொல்லித்தரும் டீச்சர் ஆவுடைச்செல்விக்கு முப்பத்திரண்டு. வித்தைக்கு வயசு கிடையாது என்று சொல்லிக்கொண்டு, அவர்தான் தேடிப்போய் சீடரானார்.

மலைக்கோயிலுக்குப் போகும் ரோப் கார் அவர் பொறுப்பு. கம்பியில் தொங்கிப் போகிற எட்டுப் பெட்டி. இழுப்பதும் நிறுத்துவதும் அடிவாரத்து அறையில் இருக்கும் கணினி.

கணினிக்குள்ளே கரு ஒன்று இருக்கிறது. கெர்னல் என்பார்கள். எந்த வேலை எப்போது நடக்கணும், யார் எதைத் தொடலாம் என்று சொல்வது அதுதான். கார் ஓடும்போது எவனாவது அதற்குள் புகுந்து ஒரு வரியைத் திருத்திவிட்டால், பிரேக் போடு என்றால் போடாது. பெட்டிக்குள் இருப்பவர் கதி அந்தரம்தான்.

“டீச்சர் சரி சொன்னால் சனங்களை ஏற்றுங்கள்” என்று கோயில் கமிட்டி சொல்லிவிட்டது.

எட்டு மாசமாகக் காலிப் பெட்டி போய்ப் போய் வந்தது.

கோமதிநாயகத்தின் வீட்டுக்காரிக்கு முழங்கால் வலி. எண்ணூறு படி ஏற முடியாது. “குரங்கெல்லாம் உங்க வண்டியில உக்காந்து மேல போவுது. கட்டுன பொண்டாட்டிக்கு எடமில்லை” என்பாள்.

அவரும் சும்மா இருக்கவில்லை.

முதலில் ஒரு காவல் வைத்தார். கணினி கிளம்பும்போதே கருவை எழுத்து எழுத்தாகச் சரிபார்த்துவிடும்.

“காலையில குளிச்சவர் சாயங்காலம் வரைக்கும் சுத்தமாவா இருக்கார், அண்ணாச்சி?” என்றாள் டீச்சர்.

கரு ஓடும்போதும் சரிபார்க்க இன்னொரு காவல் வைத்தார்.

டீச்சர் உட்கார்ந்து கொஞ்ச நேரம் தட்டினாள். திரையில் ‘எல்லாம் நலம்’ என்று வந்தது.

“பாத்தீங்களா, ஒண்ணும் செய்ய முடியலை” என்றார் கோமதிநாயகம்.

“பிரேக் போடுங்க.”

போட்டார். பெட்டிகள் பாட்டுக்கு ஆடி ஆடிப் போய்க்கொண்டிருந்தன.

“நலம்னு சொல்லுதே, டீச்சர்!”

“காவல்காரனைத்தான் முதல்ல மாத்தினேன்.”

காவலுக்குக் காவல் வைத்தார். அதற்கும் ஒரு காவல். பன்னிரண்டு ஆயிற்று, எல்லாம் அதே கருவுக்குள்ளேயே. பன்னிரண்டும் ஒரே குரலில் நலம் சொல்ல, பிரேக் மட்டும் விழவில்லை.

அன்றைக்குத்தான் அவர் அப்படிக் கேட்டார், இன்னும் எத்தனை என்று.

டீச்சர் மேசையைக் காட்டினாள். மேசைமேல் பழைய பேப்பர் ஒன்று விரித்திருந்தது. டீ குடித்த டம்ளர்கள் அதன்மேல்.

“எத்தனை டம்ளர் இருக்கு?”

“நாலு.”

பேப்பரின் நுனியைப் பிடித்து ஒரே இழுப்பு. நாலும் உருண்டு தரையில் விழுந்தன.

“ஐயோ! ஏன் டீச்சர்?”

“பத்தாதோ? இன்னும் எட்டு வாங்கி வையுங்களேன்.”

கோமதிநாயகம் குனிந்து டம்ளர் பொறுக்கினார். மூன்று கிடைத்தது. நாலாவதைத் தேடிக் கையை நீட்டும்போது கை மேசைக்காலில் பட்டது.

அதைப் பிடித்து அசைத்துப் பார்த்தார்.

மேசை ஆடவே இல்லை.

டம்ளரைத் தேடாமலேயே வீட்டுக்குப் போய்விட்டார்.

ஒரு மாசம் ஆளைக் காணோம். வந்தபோது தாடி வளர்ந்திருந்தது.

“காவலை எல்லாம் கருவுக்கு வெளிய எடுத்துட்டேன், டீச்சர். ஒரே ஒரு காவல்தான் இப்போ. கருவுக்கும் அடியில, தனியா உக்காந்திருக்கு. கருவால அதை எட்டித் தொட முடியாது. கரு கிளம்பி முடிச்சதும் அதுக்கு ஒரு பூட்டு. அப்புறம் கருவே நினைச்சாலும் தன்னோட வரியைத் தானே திருத்த முடியாது. படிக்கலாம், எழுத முடியாது.”

டீச்சர் உட்கார்ந்தாள். மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டியும் தட்டிக்கொண்டிருந்தாள். திருத்தப் போன இடத்தில் எல்லாம் ‘முடியாது’ என்றே வந்தது.

கோமதிநாயகம் அறைக்குள்ளேயே இப்படியும் அப்படியும் நடந்தார். வீட்டுக்குப் போன் போட்டு, “புடவையை எடுத்து வை” என்றுகூடச் சொல்லிவிட்டார்.

டீச்சர் நாற்காலியை விட்டு எழுந்தாள்.

“என்னால முடியலை. நீங்க மாத்துங்க பாப்போம்.”

அவர் சிரித்தார். உட்கார்ந்து ஒரு சொல்லைத் தட்டினார். பூட்டு திறந்தது. ஒரு வரியை மாற்றினார். மறுபடி பூட்டினார்.

“எப்படி?”

“முப்பது வருசம் கரண்ட் ஆபீஸ்ல லைன்மேனா இருந்தவன் டீச்சர் நான். மெயினை அணைக்காமலே, கரண்ட் ஓடுற கம்பியில கை வச்சு வேலை பாப்பேன். ஊர்ல ஒரு வீட்டு விளக்கு அணையாது. நாளைக்குச் சின்னதா ஒரு ரிப்பேர்னா இம்புட்டு வண்டியையும் நிறுத்திப் போட முடியுமா? அதான் எனக்குன்னு ஒரு வழி விட்டு வச்சேன். எனக்கு மட்டும்.”

“நல்ல வசதி” என்றாள்.

அவர் எழுந்ததும் உட்கார்ந்தாள். அவர் விரல் போன வழியே அதே சொல்லைத் தட்டினாள்.

பூட்டு திறந்தது.

“என்னை அண்ணாச்சின்னு நினைச்சுட்டு போல” என்றாள்.

அவர் திரையைப் பார்த்தார். டீச்சரின் விரலைப் பார்த்தார். அப்புறம் தன் விரலையே பார்த்தார்.

“சொல்லை மாத்திருதேன்.”

டீச்சர் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

“இன்னும் பெருசா, யாருக்கும் தெரியாத சொல்லா...”

அவள் வாசல் வரை போய்விட்டாள்.

“எனக்கு மட்டும் தெரிஞ்ச சொல்லு, டீச்சர்!”

அதற்கும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த வாரம் முழுக்க அவர் அடிவாரத்து அறையிலேயே உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தார். வீட்டுக்காரி எடுத்து வைத்த புடவையை மடித்துத் திரும்ப உள்ளே வைத்தாள்.

சனிக்கிழமை டீச்சருக்கு ஆள் அனுப்பினார்.

அவள் வந்தாள். கணினியின் பக்கமே போகவில்லை. நேராகப் போய் முதல் பெட்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

“டீச்சர், ஆள் ஏற இன்னும் உத்தரவு இல்லையே!”

“உத்தரவு குடுக்கிறவ நான்தானே, அண்ணாச்சி. ஓட்டுங்க.”

கதவு மூடியது. மூடினால் ஒரு தடவை மணி அடிக்கணும். அடித்தது.

நிற்கவில்லை.

கார் கிளம்பிற்று. மணியும் கூடவே போயிற்று. பாறைமேல் இருந்த குரங்குகள் காதைச் சொறிந்துகொண்டு ஓடின.

பெட்டியில் இருப்பவரோடு பேசுகிற கருவி அறையில் கரகரத்தது.

“அண்ணாச்சி, காது போகுது!”

“கதவு மணியில ஒரு வரி தப்பா எழுதிட்டேன், டீச்சர். பிரேக் நல்லா இருக்கு. பாத்துட்டேன். மணி மட்டும்தான்.”

“அது எங்க இருக்கு?”

“கருவுக்குள்ள.”

“அப்போ திருத்துங்க. ஒரு வரிதானே?”

கோமதிநாயகத்தின் கை தன்னால் விசைப்பலகைக்குப் போனது. முப்பது வருசப் பழக்கம். போன கை அங்கேயே நின்றது.

“முடியாது, டீச்சர்.”

“என்னது? மணிச் சத்தத்துல கேக்கலை!”

“முடியாதுங்கேன்! வழியை எடுத்துட்டேன்! நீங்க கீழ வரணும், இறங்கணும், வண்டி நிக்கணும், மெயினை அணைக்கணும். அப்புறந்தான் யாரும் கை வைக்கலாம்.”

“யாருமா?”

“நானுந்தான்!”

மணி அடித்துக்கொண்டே பெட்டி மேலே ஏறியது.

“நல்லா அடிக்கட்டும்” என்றது கருவி. “நாளைக்கு சனங்களை ஏத்துங்க.”