காழிநத்தத்துக்கு ஓர் எழுத்து

"இது அவ ஊரே இல்லம்மா" என்றார் தணிகாசலம்.

கையில் ஒரு தாள். கல் வெட்டுகிறவர் அனுப்பிய மாதிரி. சரி என்று சொல்லிவிட்டால் அப்படியே கல்லறைக் கல்லில் ஏறிவிடும்.

பிக்குணி சோயென் வாங்கிப் படித்தார். "காரினத்தமு."

"கேட்டீங்களா? காழிநத்தம்மா, காழிநத்தம். அந்த ழி எங்க போச்சு?"

"எங்க நாக்குல அது இல்ல."

இருவரும் பேசியது ஜப்பானிய மொழி. நம் வசதிக்கு நம் பேச்சில்.

தணிகாசலம் கோபே நகரத்துக் கப்பல் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இங்கே எல்லோருக்கும் அவர் தணிகா-சான், அதாவது தணிகா ஐயா. அந்தச் சுருக்கத்தைப் பற்றி அவர் ஒரு நாளும் குறைப்பட்டதில்லை. மனைவி செண்பகவல்லி படுத்த படுக்கையானபோது இந்த மலைக்கோயிலுக்கு வந்து கண்ணை மூடி உட்காரப் பழகினார். அவருக்குக் குருவான சோயென் அவரைவிட வயதில் ரொம்பச் சின்னவர்.

செண்பகவல்லி போனபிறகு உட்காரவும் முடியவில்லை. கண்ணை மூடினால் ஆஸ்பத்திரிதான் தெரிந்தது.

அவள் சாம்பல் இந்தக் கோயிலின் பின்புறம்தான் வைக்கப்படும். அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"இங்க எல்லாருக்கும் நான் இந்தியாக்காரர் பொண்டாட்டி. கல்லுலயாவது என் ஊர் பேரைப் போடுங்க."

அதைத்தான் கல்வெட்டுக்காரர் கதகானாவில் எழுதியிருந்தார். வெளிநாட்டுப் பெயருக்கென்று ஜப்பானியர் வைத்திருக்கும் எழுத்து அது. ஓசை மட்டும்தான், அர்த்தம் கிடையாது. அமெரிக்காவும் அதில்தான், ஐஸ்கிரீமும் அதில்தான்.

"பிஸ்கட் பாக்கெட்டுல இருக்கற மாதிரி இருக்கும்மா. அவ செத்தது போதாதா? அவ ஊரையும் சாகடிக்கணுமா?"

சோயென் தாளை மடித்து ஓரமாக வைத்தார். மையும் தூரிகையும் எடுத்துவந்தார்.

"முன்னெல்லாம் வேற மாதிரியும் எழுதினாங்க. லண்டன், பாரீஸ் எல்லாத்தையும் சீனாவிலிருந்து வந்த எழுத்துல. ஓசைக்கு ஓசை பொருத்தி. அதுல ஒவ்வொரு எழுத்துக்கும் அர்த்தமும் உண்டு. பாத்துப் பொறுக்கினா பேரும் வரும், ஊரும் தெரியும்."

"ழி வருமா?"

"வராது. ஊர் வரும்."

தணிகாசலம் நிமிர்ந்து உட்கார்ந்தார். பல நாளைக்குப் பிறகு அந்த முகத்தில் ஓர் ஆசை தெரிந்தது.

"அது போதும்மா. எழுதுங்க."

"முதல் ஓசை கா. ஆறுன்னு அர்த்தம் வர்ற எழுத்து ஒண்ணு இருக்கு. ஊர்ல ஆறு ஓடுதா?"

"ஆறு..." என்றார். "இருக்கும்னு நினைக்கறேன்."

"நினைச்சா போதாது. கல்லுல வெட்டணும்."

"கேட்டுச் சொல்றேம்மா."

சொன்னபிறகுதான் திகைத்தார். யாரைக் கேட்பது? செண்பகவல்லி ஒரே பெண். பெற்றவர்கள் எப்போதோ போய்விட்டார்கள்.

"அதே கா ஓசைக்குப் பூன்னு அர்த்தம் வர்ற எழுத்தும் இருக்கு."

"பூ இல்லாம இருக்குமா?"

"என்ன பூ?"

தணிகாசலம் உதட்டைப் பிதுக்கினார்.

"சரி, த ஓசைக்கு வயல். கடைசியில மு, மூடுபனி. அங்க பனி இறங்குமா?"

"தெரியாது."

"வயல்?"

"தெரியாதும்மா."

சோயென் நிமிர்ந்து பார்த்தார். "நீங்க அந்த ஊருக்குப் போனதே இல்லையா?"

"கல்யாணம் டவுன்ல மண்டபத்துல நடந்துச்சு. லீவுல இந்தியா போனா அவ மட்டும் ஊருக்குப் போவா. நான் சென்னையில அக்கா வீட்ல இருந்துடுவேன். ஒரு தடவை வாங்க, ஒரு தடவை வாங்கன்னு ஒவ்வொரு லீவுக்கும் கூப்பிடுவா."

"நீங்க?"

"அடுத்த தடவைம்பேன்."

வெளியே யாரோ இலை பெருக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"திரும்பி வந்து ஊரைப் பத்திச் சொல்லியிருப்பாங்களே?"

"சொல்லிக்கிட்டே இருப்பா. நான் டிவி பாத்துக்கிட்டு ம் கொட்டுவேன்."

"அதுல ஏதாவது ஒண்ணு?"

தணிகாசலம் தேடினார். அவள் குரல் வந்தது. பேசும்போது வளையல் சத்தத்தோடு ஆட்டுகிற கை வந்தது. சொன்னது ஒன்றுகூட வரவில்லை. வருஷக்கணக்காகச் சொல்லியிருக்கிறாள், பாவி மனுஷன் எதையுமே காதில் வாங்கவில்லை. ஒரு ழிக்காக ஊரைக் கூட்டியவர், இப்போது தலையைக் குனிந்துகொண்டார்.

சோயென் திட்டவில்லை. ஆறுதலும் சொல்லவில்லை. தூரிகை காய்ந்திருந்தது. மறுபடி மையில் தோய்த்தார்.

"கா ஓசைக்கு இன்னொரு எழுத்து இருக்கு, தணிகா-சான்."

"என்னது?"

"கொசு. ஊர்ல கொசுவாவது இருந்துதா?"

கொசு இல்லாத ஊர் ஏது, இருந்திருக்கும் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

"ஒரு ராத்திரிகூட நான் அங்க தூங்கினதில்லம்மா" என்றார்.