மல்லிகைக்கு வந்த ராஜ உத்தரவு

ரொம்ப காலத்துக்கு முன்னே வண்டல்பாடி என்கிற நாட்டை வல்லபராயன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்ல மனுஷன்தான். ஆனால் காலையில் ஓர் ஆசை தோன்றினால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் அது நடந்தாக வேண்டும். நடக்காவிட்டால் சோற்றின்மேல் கோபப்படுவான், சமைத்தவன்மேல் கோபப்படுவான், கடைசியில் எதிரே வருகிறவன்மேல் கோபப்படுவான்.

அவனுடைய சபா மண்டபத்தை ஒட்டி ஒரு மல்லிகைப் பந்தல் இருந்தது. பதினெட்டு வருஷமாக அதைப் பார்த்துவந்தவள் வெள்ளச்சி என்ற தோட்டக்காரி. புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு அவளுக்கு ஊரும் உறவும் அந்தப் பந்தல்தான். ராஜா அந்தப் பக்கம் போகும்போது நின்று, "வெள்ளச்சி, சௌக்கியமா?" என்று இரண்டு வார்த்தை பேசுவான். அரண்மனை அதிகாரி அனந்தப்பருக்கு இது பொறுக்கவில்லை. சாஸ்திரமெல்லாம் கரைத்துக் குடித்த தன்னிடம் ஒரு நாளும் கேட்காத சௌக்கியத்தை, மண்கூடை சுமக்கிறவளிடம் கேட்பதா என்று புழுங்கினார்.

ஒரு நாள் காலை சபைக்கு வந்த ராஜா பந்தலைப் பார்த்து முகம் சுளித்தான். "இதென்ன, நான் வரும்போதெல்லாம் மேலே மொட்டு, கீழே சருகு! இந்தக் கொடி பூப்பதே இல்லையா?"

அனந்தப்பர் இந்தச் சந்தர்ப்பத்தை விடுவாரா? "பிரபு, சொல்லவே நாக்கூசுகிறது. சாயங்காலம் தாங்கள் உள்ளே போன பிறகு அத்தனையும் மலர்ந்து மணக்கிறது. நாடாளும் தங்களுக்குக் காட்டாத முகத்தைத் தோட்டக்காரிக்குக் காட்டுகிறது. எல்லாம் இவள் கொடுக்கிற இடம்!"

ராஜாவுக்குச் சுருக்கென்றது. "அப்படியா சேதி? நாளைக் காலை நான் வரும்போது இந்தப் பந்தல் மலர்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால், நாளைப் பொழுது சாய்ந்ததும் வெள்ளச்சி நாட்டு எல்லையைத் தாண்டிவிட வேண்டும். இது ராஜ உத்தரவு!"

எல்லைக்கு அப்பால் வெள்ளச்சிக்கு யார் இருக்கிறார்கள்? பந்தலடியில் உட்கார்ந்து அழுதாள். வெட்கத்தை விட்டு மல்லிகையிடம் கெஞ்சிக்கூடப் பார்த்தாள். அழுது ஓய்ந்த பிறகுதான் புத்தி வேலை செய்தது.

மறுநாள் காலை மொட்டு மொட்டாகவே இருந்தது. எல்லைவரை அழைத்துப் போக இரண்டு காவலர்களும் வந்து நின்றுவிட்டார்கள். வெள்ளச்சி ராஜாவைக் கும்பிட்டாள்.

"போகச் சொன்னா போயிடறேன், மகாராஜா. ஆனா தோட்டக்காரங்க வழக்கம் ஒண்ணு இருக்கு. தோட்டம் கைமாறும்போது, போறவ ஒவ்வொரு வேலையா சொல்லணும். வாங்கிக்கிறவங்க அதை ஒரு தடவை செஞ்சு காட்டணும். அதுவரைக்கும் போறவ மண்ணை விட்டு நகரக் கூடாது. நகர்ந்தா செடி பட்டுப்போயிடும்."

"நியாயம்தான். அனந்தப்பரே, தோட்டத்தை நீரே வாங்கிக்கொள்ளும்" என்றான் ராஜா.

அனந்தப்பர் உற்சாகமாக இறங்கினார். கொத்தினார். தண்ணீர் ஊற்றினார், செடிக்குப் பாதி, பட்டு வேட்டிக்குப் பாதி. "இன்னும் என்னடி பாக்கி?" என்று மூச்சு வாங்கினார்.

"என் வேலை அம்புட்டுதான் சாமி. மொட்டைத் திறக்கிறது நான் இல்ல. அதுக்கு வேற ஒருத்தன் இருக்கான். பதினெட்டு வருஷமா பக்கத்துலயே நிக்கிறேன், அவன் கை வச்சதை ஒரு நாளும் கண்டதில்ல. இப்ப மகாராஜா அவன் நேரத்தையே மாத்திட்டாரு. அதனால அவன் வேலையையும் நீங்கதான் செஞ்சு வாங்கிக்கணும். பந்தல் பூராவும் வேணாம். ஒரே ஒரு மொட்டு போதும்."

ராஜா வாய்விட்டுச் சிரித்தான். "ஒரு மொட்டுதானே! திறவும், அனந்தப்பரே!"

அனந்தப்பர் நகத்தால் நெம்பினார். மொட்டு இரண்டாகக் கிழிந்தது. நகை செய்கிற தட்டானை வரவழைத்து இடுக்கியால் பிரிக்கச் சொன்னார். இதழெல்லாம் கன்றிக் கறுத்தது. வாயால் ஊதிக்கூடப் பார்த்தார். சபையே கைகொட்டிச் சிரித்தது.

"தள்ளும் ஐயா! ஒரு பூவைத் திறக்கத் தெரியவில்லை" என்று ராஜாவே இறங்கினான். வாள் பிடித்த விரல்களால் ஒரு மொட்டைப் பறித்தான். மொட்டுக்குள் இதழ்கள் ஒன்றையொன்று சுற்றிப் படுத்திருந்த நேர்த்தியைப் பார்த்து ஒரு கணம் மலைத்தான். மெல்லப் பிரித்தான். பிரிந்த இதழ் தொங்கியது. முகர்ந்தான். பச்சிலை வாசம்தான் அடித்தது. இன்னொன்று, இன்னொன்று என்று பறித்துக்கொண்டே போனான். மத்தியானச் சாப்பாடு ஆறிப்போனதுகூட அவனுக்குத் தெரியவில்லை.

பொழுது சாய்ந்தது. ராஜாவைச் சுற்றி நூறு மொட்டுகள் கிழிந்து கிடந்தன. அவன் வெறும் தரையில் உட்கார்ந்துவிட்டான். காவலர்கள் மேற்கே பார்த்துவிட்டு ஓரடி முன்னே வந்தார்கள். வெள்ளச்சி பந்தற்காலை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது ராஜாவின் தலைக்கு மேலே ஒரு மொட்டு நெகிழ்ந்தது. பிறகு இன்னொன்று. யாரும் தொடவில்லை, காற்றுகூட அசையவில்லை. பந்தல் முழுக்க வெள்ளை வெள்ளையாக விரிந்து, மணம் மண்டபத்தை நிறைத்தது.

ராஜா அண்ணாந்தபடியே இருந்தான். அவன் கண் கலங்கியிருந்தது. "ஒரு மொட்டைத் திறக்க வக்கில்லாத நானா இதற்கு நேரம் குறித்தேன்!" என்றான். பிறகு எழுந்து, "வெள்ளச்சி, இந்தத் தோட்டத்தை வாங்கிக்கொள்ள எங்களில் யாருக்கும் தகுதியில்லை. நீ எங்கும் போக வேண்டாம், தாயே" என்றான்.

அனந்தப்பர் அப்போதும் விடவில்லை. "பிரபு, நாளைக் காலை சபையில் இதைப் பற்றி..."

"காலையில் ஏது சபை? நாளை முதல் மல்லிகை மலரும் நேரத்தில்தான் சபை கூடும். ஏன் என்று ஜனங்கள் கேட்பார்கள். நடந்ததை ஒன்று விடாமல் தெருத்தெருவாக நீரே முரசடித்துச் சொல்லும். இந்த வேட்டியோடே போம்!"

சேறு காய்ந்து ஒட்டிய வேட்டியோடு அனந்தப்பர் நடந்தார். வெள்ளச்சிக்கு அப்போதுதான் போன உயிர் திரும்பி வந்தது. அழுகையும் சிரிப்புமாக முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். காவலர்கள் இருவரும் என்ன செய்வதென்று தெரியாமல் நின்ற இடத்திலேயே நின்றார்கள்.

"என்ன முழிக்கிறீங்க? இருங்க" என்று சொல்லி, ஆளுக்கு இரண்டு முழம் பூவைத் தொடுத்துக் கொடுத்து, வீட்டுக்குப் போகச் சொன்னாள்.