வேருக்குள் ஒரு பாதை

பூவராகன் விடிந்ததிலிருந்தே கொதித்துக்கொண்டிருந்தார்.

மலையடிவாரத்து அந்தச் சிறிய ஆசிரமத்தின் குரு தேனம்மை. கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்து, வேலையை விட்டுவிட்டு வந்தவர். சீடரான பூவராகனுக்கு அவரைவிடப் பத்து வயது கூடுதல். கோபமும் கூடுதல்.

முந்தைய நாள் மழையில் வீடு இடிந்துபோன ஒரு தம்பதி வந்து நின்றார்கள். அந்தப் பெண்ணுக்கு ஏழு மாதம். தேனம்மை தான் படுக்கும் விதைக் கிடங்கை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு மாட்டுக்கொட்டகையில் போய்ப் படுத்துக்கொண்டார்.

பூவராகன் அவர்களுடைய துணிமூட்டையைத் தூக்கி வந்து குருவின் முன்னால் பொத்தென்று வைத்தார்.

"இது அநியாயம்மா! குரு மாட்டுக்கொட்டகையில, ஊர் பேர் தெரியாதவங்க உங்க அறையிலயா? இடத்தைக் கொடுத்தா மடத்தைப் பிடுங்குவாங்க. இன்னைக்கே அவங்க போகணும். இல்லேன்னா நான் போறேன்."

அடுத்தவருக்காகக் கோபப்படுவதில் ஒரு வசதி உண்டு. எவ்வளவு கத்தினாலும் நல்லவராகவே இருக்கலாம்.

தேனம்மை தோட்டத்துக்குப் போனார். ஒரு கம்புச் செடியைப் பிடுங்கி வந்தார். வேரைக் காரக் கரைசலில் வேகவைத்துக் கழுவி, நீலப் பேனா மையும் வினிகரும் கலந்து இன்னொரு கொதி விட்டார்.

"நான் நியாயம் கேக்கறேன். நீங்க ரசம் வைக்கறீங்க!"

தேனம்மை வேர்த் துணுக்கொன்றைப் பழைய மைக்ரோஸ்கோப்பில் வைத்து அவர் பக்கம் தள்ளினார். "பாருங்க."

வேரின் செல்களுக்குள் நீல இழைகள் நுழைந்து, குட்டி மரங்களாகக் கிளைத்திருந்தன.

"என்ன இது?"

"பூஞ்சை."

"பாத்தீங்களா, இங்கயும் புகுந்துடுச்சு! செடியோட சர்க்கரையைத் தின்னுமே?"

"தின்னும். வேருக்கு எட்டாத மண்ணுலேர்ந்து பாஸ்பரஸ் சத்தும் கொண்டுவரும்."

"இருக்கட்டும். செல்லை உடைச்சுக்கிட்டுத்தானே உள்ள வந்திருக்கு?"

"உடைக்கல. அது வெளியில வந்து தொட்டதுமே செல் தனக்குள்ள இருக்கறதை ஒதுக்கிப் பாதை போட்டுடும். பாதை தயாரான பிறகுதான் அது உள்ள வரும்."

"அப்படி ஒதுங்கினா செல் செத்துடாதா?"

"சாகாது. கொஞ்ச நாள்ல அந்தக் கிளையெல்லாம் கரைஞ்சுடும். செல் பழையபடி ஆயிடும். அடுத்தது வந்தா மறுபடி ஒதுங்கும்."

பூவராகன் விடுவதாக இல்லை. மேசையில் ஓங்கி அடித்தார்.

"செடி ஒதுங்கட்டும்! நீங்க ஏம்மா ஒதுங்கணும்? விதைக் கிடங்கு உங்க இடம். நான் வந்த நாள்லேர்ந்து அங்கதானே படுக்கறீங்க! எனக்கு வயிறு எரியுது."

தேனம்மையின் குரல் முதல் முறையாக உயர்ந்தது.

"ஆமா. நீங்க வந்த நாள்லேர்ந்து."

பூவராகனுக்குப் புரியவில்லை. "அதுக்கு முன்னாடி எங்க படுத்தீங்க?"

"உங்க மகன் வீட்டைவிட்டுப் போகச் சொல்லிட்டான்னு அழுதுக்கிட்டே போன் பண்ணினீங்களே, அதுவரைக்குமா? நீங்க இப்ப படுக்கற கட்டில்ல."