விழுந்த நோட்டு

கோத்தகிரியில் மலைப்பாதை சைக்கிள் கற்றுத்தருபவர் ரெஜினா. வயது முப்பத்திரண்டு. அவருடைய சீடர் குணசீலனுக்கு ஐம்பத்தொன்று, மேட்டுப்பாளையத்தில் டைல்ஸ் கடை. குருவிடம் ஒரு சைக்கிள் இருந்தது. சீடரிடம் நாலு.

ஏற்றத்துக்கு ஒன்று, இறக்கத்துக்கு ஒன்று, கல்லுப் பாதைக்கு ஒன்று, தார் ரோட்டுக்கு ஒன்று. பாரபட்சம் இல்லாமல் நாலிலிருந்தும் விழுந்திருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை பந்தயம். தேயிலைத் தோட்டம் வழியாக ஏறி, சோலைக்குள் இறங்க வேண்டும். முழுதும் ஒரே வண்டியில் என்பது விதி. இரண்டு வருடமாக அவர் பாதியில் நின்றுவிட்டார்.

"இந்தத் தடவையும் முடிக்கலேன்னா, அடுத்த வருஷம் தண்ணி பாட்டில் குடுக்க வந்துடுங்க சார்" என்று கிளப் செயலாளர் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். அது குணசீலனுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது.

வெள்ளிக்கிழமை நாலையும் டெம்போவில் கொண்டுவந்து இறக்கினார்.

"எதுன்னு நீங்களே சொல்லிடுங்க மாஸ்டர்."

ரெஜினா வண்டிகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"விழுந்த நோட்டை எடுங்க சார்."

அங்கே அப்படி ஒரு வழக்கம். யார் விழுந்தாலும் அன்றே அந்த நோட்டில் எழுதிவிட வேண்டும். தேதி, இடம், ஏன் என்று மூன்று கட்டம்.

"ஏன்ங்கிற கட்டத்துல நீங்க எழுதினதைப் படிங்க."

"லேசான வண்டி, கல்லில் துள்ளியது. கனமான வண்டி, ஏற்றத்தில் திணறியது. டயர் வழுக்கியது." இப்படிப் பதினொன்று.

"இப்ப மத்தவங்க எழுதினது."

"பயந்தேன். பிரேக்கை இறுக்கினேன். வேடிக்கை பார்த்தேன்." குணசீலனின் குரல் இறங்கியது.

"ஏன்னு கேட்டா எல்லார் பதிலும் பயந்தேன், இறுக்கினேன்னு 'ஏன்'லயே முடியுது. உங்க பதில் மட்டும் துள்ளியது, வழுக்கியதுன்னு 'அது'ல முடியுது."

அவருக்குக் கோபம் வந்தது. "ஒரே வண்டின்னா எல்லாத்துலயும் சுமாராத்தான் போகும் மாஸ்டர்."

"நீங்களும் சுமாராத்தான் ஓட்டறீங்க. பொருத்தம் சரியா இருக்கும்."

குணசீலன் விருட்டென்று எழுந்து கல்லுப் பாதை வண்டியைப் பிடித்து இழுத்தார். "இதுதான். ஏத்தத்துல மெதுவா ஏறும், எறக்கத்துல கொஞ்சம் ஆடும். ஆனா எங்கயும் போகும்."

"மத்தது?"

"நாளைக்கே வித்துடறேன்."

வீம்புக்குச் சொன்னதுதான். ஆனால் சனிக்கிழமை மூன்றையும் விற்றுவிட்டார்.

ஞாயிறன்று கடைசி கொண்டை ஊசி வளைவில் விழுந்தார். முழங்கை உரிந்தது. முடிவுக் கோட்டைத் தாண்டியபோது பந்தல் துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். அவருக்குப் பின்னால் வர யாரும் இல்லை.

செயலாளர் அனுதாபத்தோடு வந்தார். "வண்டி கவுத்துடுச்சா சார்? எறக்கத்துக்குன்னே புதுசா ஒண்ணு வந்திருக்கு."

"வண்டி நல்லாத்தான் இருந்துச்சு" என்றார் குணசீலன், எல்லாருக்கும் கேட்கும்படி. "நாந்தான் பயந்துட்டேன். அடுத்த வருஷமும் இதே வண்டியிலதான் வருவேன். தண்ணி பாட்டிலை நீங்களே குடுங்க."

ரத்தம் காயாத கையோடு நேராக ரெஜினாவிடம் போனார். நோட்டை வாங்கி, ஏன் என்ற கட்டத்தில் எழுதினார்: பயந்தேன். கொஞ்சம் யோசித்துப் பக்கத்தில் இன்னொன்றும் சேர்த்தார்: எழுந்தேன்.

ரெஜினா படித்தார். பேனாவை வாங்கி இரண்டாவதை அடித்தார்.

"அதுவும் நடந்ததுதானே மாஸ்டர்?"

"விழுந்தா ஏன்னு கேப்பேன் சார். எழுந்ததுக்குக் கேக்க மாட்டேன்."